வில்லிசைக் குடும்பத்தின் தலைமுறைகளைப் பதிவு செய்வது எப்படி? குமரி மாவட்டத்துக்கு ஒரு வழிமுறை

அகஸ்தீஸ்வரம் பக்கமோ தோவாளை பக்கமோ, வில்லிசை (வில்லுப்பாட்டு) குழுவிடம் போய்ப் பூர்வீகம் கேட்டால் "நாங்க ஏழு தலைமுறையா பாடுகோம்" என்பார்கள். தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்று வைத்தால் ஏழுக்கு 175 முதல் 210 ஆண்டு ஆகிறது. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் மூன்றாவது, நாலாவது ஆளில் நின்றுவிடும். உடனே அது வெறும் பெருமைப் பேச்சு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாட்டு ஏழு பேர் கை மாறி வந்திருக்கலாம். ஆனால் அந்த ஏழு பேரும் அப்பனும் மகனுமாகத்தான் இருந்தார்கள் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மாமனிடமிருந்து மருமகனுக்கு, ஆசானிடமிருந்து அடுத்த ஊர்ப் பையனுக்கு, புருஷனுடைய குழுவிலிருந்து பெண்டாட்டிக்கு என்று அது வளைந்து வளைந்து வந்திருக்கும். அப்பன்–மகன் கோடு மட்டும் போட்டால் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள்.

ஆகவே ஆரம்பத்திலேயே இரண்டு வம்சக் கொடி வரைய வேண்டும். இரத்த உறவுக்கு முழுக்கோடு, கற்றுக்கொடுத்த உறவுக்குப் புள்ளிக்கோடு. இரண்டும் ஒரே தாளில் இருக்கட்டும்.

இது ஏன் அவசியம் என்பதற்குத் தமிழ்நாட்டின் பேர்பெற்ற இசைக் குடும்பமே சாட்சி. வீணை தனம்மாள் (1867–1938) குடும்பத்தை ஆண்வழியாக மட்டும் வரைந்து பாருங்கள், தாள் வெறுமையாக இருக்கும். தனம்மாளின் மகள் ஜயம்மாள். ஜயம்மாளின் பிள்ளைகள் நாட்டியத்தில் பாலசரஸ்வதி (1918–1984), மிருதங்கத்தில் ரங்கநாதன், புல்லாங்குழலில் விசுவநாதன். இன்னொரு மகள் காமாட்சி. அவர் மகள்கள் பாட்டில் பிருந்தாவும் முக்தாவும். பாட்டியிடமிருந்து பேத்திக்கு என்று வரைந்தால்தான் குடும்பம் கண்ணுக்குத் தெரியும். அதுவும் போதாது. பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் கற்றவர்கள். பாலசரஸ்வதிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த கந்தப்ப பிள்ளை, தஞ்சை நால்வர் என்ற நாட்டிய ஆசான் சகோதரர்களின் வழியில் வந்தவர். அந்த நால்வரில் ஒருவரான வடிவேலுதான் சுவாதித் திருநாளின் திருவிதாங்கூர் அவைக்கு வந்து சேர்ந்தவர். புள்ளிக்கோடு இல்லாவிட்டால் இந்தத் தொடர்பு எதுவும் படத்தில் வராது.

வில்லுப்பாட்டிலும் இதே கதைதான். ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் (1908–1957) திருநெல்வேலிச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகத்துக்கும் (1928–2022) இடையில் போட வேண்டியது புள்ளிக்கோடு. சுப்பு ஆறுமுகத்திலிருந்து மகள் பாரதி திருமகனுக்கும், அவரிடமிருந்து மகன் கலைமகனுக்கும் முழுக்கோடும் புள்ளிக்கோடும் சேர்ந்தே ஓடும்.

போவதற்கு முன் சேர்க்க வேண்டியவை

பேட்டிக்குப் போகும் முன் கொடை (கோயில் திருவிழா) நோட்டீஸ்களைத் தேடுங்கள். இதைவிட நம்பகமான அச்சு ஆதாரம் இந்தத் துறையில் வேறு கிடைப்பது கடினம். ஊர், கோயில், நாள், வில்லிசைக் குழுத் தலைவர் பெயர் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். கோயில் தர்மகர்த்தா வீட்டிலும், மைக் செட்காரர் கடையிலும், பழைய சாமி படத்துச் சட்டத்துக்குப் பின்பக்கத் தாளாகவும் கிடைக்கும். ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தில் யாராவது பேசிய தொகையைப் பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள்; அதுவும் தகவல்தான்.

நோட்டீஸில் ஒரு பெரிய குறை உண்டு. தலைவர் பெயர் மட்டும் வரும். குடம், உடுக்கு, பக்கப்பாட்டு எல்லாரும் "குழுவினர்" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுவார்கள். பெண்கள் பாடியிருந்தாலும் பல நோட்டீஸ்களில் தெரியாது. சரவணந்தேரி பூங்கனி (மறைவு 2018) போல முன்னணியில் உட்கார்ந்து பாடிப் பேர் வாங்கியவர்கள் குறைவு. அவருடைய கணவர் குடக் கலைஞர். இப்படிப்பட்ட குடும்பத்தில் குழு யார் பெயரில் ஓடியது, கதையை யார் நடத்தினார் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும்.

முதல் கேள்வி

"உங்க குடும்ப வரலாறு சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். உட்கார்ந்த இடத்தைக் கேளுங்கள். "பாட்டா (தாத்தா), ஒங்களுக்கு வில்லுல மொதல்ல எந்த எடம்? வலமா, எடமா, கொடமா?" இதற்குப் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. எந்த ஊர், எந்தக் கோயில், யார் பக்கத்தில், எத்தனை வயது என்று தானாக வரிசையாக வரும்.

வலத்தில் (வில்லின் வலப்பக்கம்) இருப்பவர் வீசுகோல் (நாணில் அடிக்கும் கோல்) பிடித்துக் கதையை நடத்துகிறவர். அண்ணாவி, புலவர் என்று அவரைச் சொல்வார்கள். இடத்தில் (இடப்பக்கம்) இருப்பவர்கள் வாங்கிப் பாடி, கேள்வி கேட்டு, கதையைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள். அதன்பின் குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை; பிற்காலத்தில் ஆர்மோனியம். பொடிப்பையன் ஜால்ராவிலோ கட்டையிலோ தொடங்கி, இடத்துக்கு வந்து, கடைசியில் வலத்துக்கு வருவது வழக்கமான பாதை. ஆகவே ஒருவருக்கு ஒரு வாத்தியம் என்று எழுதிவிடாதீர்கள். எந்தக் காலத்தில் எந்த இடம் என்று மூன்று நாலு வரியாவது எழுதுங்கள். தகப்பனார் வலத்தில் இருக்கும்வரை மகன் இடத்தில். தகப்பனார் குரல் போனபிறகு மகன் வலம். தலைமுறை மாறிய ஆண்டு என்று நாம் தேடுவது இந்த இடமாற்றத்தைத்தான். இறந்த தேதியை வைத்துக் கணக்கிட்டால் பத்து பதினைந்து ஆண்டு பிசகும்.

குடக்காரரைத் தனியாகப் பாருங்கள். அவர் பல நேரம் குடும்பத்துக்கு வெளியாள். இரண்டு மூன்று குழுக்களுக்கு வாசித்திருப்பார். எந்தக் குடும்பத்துக்கும் பெருமை சேர்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வீட்டுக்காரர்கள் மறைக்கும் பங்காளிச் சண்டை, குழு இரண்டாக உடைந்த கதை எல்லாம் அவரிடம் இருக்கும்.

உறவுமுறை கேட்கையில் "மாமா" என்ற சொல்லை அப்படியே எழுதிவிட்டு வராதீர்கள். தாய்மாமனா, அத்தை புருஷனா, பெண் கொடுத்தவரா, வெறும் மரியாதைக்கா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே 1920கள் வரை மருமக்கள்வழி இருந்தது. சொத்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனது. அந்த வட்டாரத்தில் பழைய தலைமுறைகளை வரையும்போது மாமன்–மருமகன் கோடு வந்தால் தவறு என்று திருத்தப் போகாதீர்கள். பாட்டா பெயரே பேரனுக்கு வருவதால் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். பெயரோடு எண்ணும் சேருங்கள்: முதல் தலைமுறைக்கு 1, அவர் பிள்ளைகள் 1.1, 1.2, அடுத்தது 1.2.1 என்று. வெளியிலிருந்து வந்து கற்றவர்களுக்கு எண்ணின் முன்னால் "ஆ" போட்டால் கலக்காது.

குரு வணக்கத்தைக் கேளுங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. வில்லுப்பாட்டு காப்பு, குருவடி வணக்கம், அவையடக்கம், நாட்டுவளம், கதை, கடைசியில் வாழி என்று போகும். கதைதான் முக்கியம் என்று பதிவுக் கருவியை நாட்டுவளத்தில் போட்டால் பரம்பரை போய்விடும். குருவடி வணக்கத்தில்தான் ஆசான் பெயர் வரும். சிலர் ஆசானுக்கு ஆசானையும் ஊரோடு சேர்த்துப் பாடுவார்கள். பாட்டில் கட்டிப்போட்ட பெயர் பேச்சில் சொல்லும் பெயரைப்போலச் சுலபமாக மாறாது, எதுகை மோனை பிடித்து வைத்திருக்கும். அந்தப் பகுதியைக் குழுவில் வேறு வேறு ஆட்களிடம் தனித்தனியாகச் சொல்லச் சொல்லி ஒப்பிடுங்கள். ஒருவர் விட்ட பெயரை இன்னொருவர் பாடினால் அங்கே ஒரு பிரிவு நடந்திருக்கிறது; அதைக் கேட்டு எழுதுங்கள்.

அடுத்தது கதைப்பட்டியல். எந்தக் கதை யாரிடமிருந்து வந்தது என்று கதைவாரியாகக் கேட்க வேண்டும். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கதைகள் ஏறக்குறைய எல்லாக் குழுவிடமும் இருக்கும். அவை பரம்பரையைக் காட்டாது. தோட்டுக்காரி அம்மன் கதை, வெங்கலராசன் கதை, தம்பிமார் கதை, இரவிக்குட்டிப் பிள்ளை போர் போன்று எல்லாரும் பாடாத கதைகள்தான் வழிகாட்டும். தூரத்து ஊரிலுள்ள இரண்டு குழுக்கள் அப்படிப்பட்ட ஒரு கதையை ஒரே வரிசையில், ஒரே வருணனையோடு பாடினால் இருவருக்கும் மேலே ஒரே ஆசான் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே அச்சுப் புத்தகத்தைப் பார்த்தும் பாடியிருக்கலாம். அதைச் சரிபார்க்காமல் கோடு போடக் கூடாது.

ஆண்டு கண்டுபிடிப்பது

வயதானவர்களிடம் ஆங்கில ஆண்டு கேட்டு நெருக்காதீர்கள். பழைய நோட்டுகளிலும் நோட்டீஸ்களிலும் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதியென்றால் 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825. சோதிக்க ஓர் எடுத்துக்காட்டு: திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 ஐப்பசி 27. 824 கூட்டினால் 1936. ஆங்கிலத் தேதி நவம்பர் 12. மார்கழி மாதம்தான் இரண்டு ஆண்டிலும் கால் வைத்திருக்கும். நாளைப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். ஆயிரத்தையும் நூறையும் விட்டுவிட்டு "தொண்ணூத்தொம்பதாமாண்டு" என்று சொல்வதும் உண்டு. அது 1099, அதாவது 1923–24.

தேதியே இல்லாத நினைவுகளுக்கு ஊர் முழுக்கத் தெரிந்த சம்பவங்களைப் பக்கத்தில் வையுங்கள். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது (1956 நவம்பர் 1), கலைவாணர் இறந்தது (1957 ஆகஸ்ட்), விவேகானந்தர் பாறை மண்டபம் திறந்தது (1970), நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது (1979), சுனாமி (2004 டிசம்பர் 26), ஒக்கி புயல் (2017 நவம்பர் இறுதி). "ரயிலு வாறதுக்கு முந்தியா பிந்தியா, பாட்டா வலத்துல இருந்தது?" என்று கேட்டால் பதில் வரும். கிடைக்கும் பதிலை "1979க்கு முன்" என்றே எழுதுங்கள். அதை 1978 ஆக்கிவிட வேண்டாம்.

ஏடும் நோட்டும்

வீட்டில் ஏட்டுக்கட்டு இருந்தால் அன்றைக்கே கயிற்றை அவிழ்க்காதீர்கள். காய்ந்த ஏடு விரித்தவுடன் துளையை ஒட்டி உடையும். கட்டின் நீளம், அகலம், உயரம் அளந்து, நாலு பக்கமும் படமெடுத்து, ஏடுகளைக் கையாளத் தெரிந்தவர் வந்தபின் பிரிக்கலாம். எழுத்து தெரியவில்லை என்று எண்ணெயும் கரியும் பூசும் வேலையைச் செய்யவே வேண்டாம். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விட்டால் கீறல் நிழல் விழுந்து எழுத்து தெரியும். ஒவ்வோர் ஏட்டுக்கும் இரு பக்கமும், ஓரத்து எண் தெரியும்படியும், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்தும் எடுங்கள்.

கையெழுத்து நோட்டில் முதலில் பார்க்க வேண்டியது கடைசிப் பக்கம். கதையை எழுதி முடித்த கொல்லம் ஆண்டு, மாதம், யார் ஏட்டைப் பார்த்து யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று சிலர் குறித்து வைப்பார்கள். அந்த ஒரு வரி அரை நாள் பேட்டிக்குச் சமம். நடுவில் வேறு மையில் அடித்துத் திருத்திய இடங்களையும் தனியாகப் படமெடுங்கள். அது அடுத்த தலைமுறையின் கை.

வில்லையும் ஓர் ஆவணமாகவே பாருங்கள். எவ்வளவு நீளம், பனை வைரமா மூங்கிலா இரும்பா, நாண் தோலா வேறு கயிறா, எத்தனை மணி, எந்த மணி பழையது, யார் செய்தது. "இது பாட்டா வில்லு" என்பார்கள். நாண் பலமுறை மாறியிருக்கும், குடம் எத்தனையோ உடைந்திருக்கும். எது பாட்டா காலத்தது என்று பாகம் பாகமாகக் கேட்டால்தான் தெரியும். பல வீடுகளில் மணிகள்தான் மிகப் பழையவை.

பழைய கேசட்

1980, 90களின் கொடைக் கேசட்டுகள் கட்டிலுக்கடியில் கிடக்கும். கடற்கரை ஈரப்பதத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும்; கேசட்டின் சன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும். அப்படிப்பட்டதை ஓட்டவே கூடாது. நாடாவும் கெடும், பூஞ்சை கருவிக்கும் அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் தாவும். தனி உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள்.

நல்ல கேசட்டென்றால் முதலில் பின்பக்கத்து இரண்டு தட்டுகளையும் உடைத்துவிடுங்கள். தப்பித்தவறி பதிவுப் பொத்தானை அமுக்கினாலும் அழியாது. பிறகு ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் சுற்றுங்கள். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் தளரும். நாடாவைக் கருவியின் தலைமேல் (ஒலியைப் படிக்கும் பாகம்) அழுத்தும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி மங்கும்; வேறு கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்ற வேண்டும். ஒவ்வொரு சில கேசட்டுக்கும் ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தலையைத் துடையுங்கள். வீசுகோல் மணியொலி மொட்டையாகக் கேட்டால் தலையின் கோணம் பிசகியிருக்கிறது. கோணத் திருகை மெல்லத் திருப்பி, மணி கணீரென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். வில்லுப்பாட்டில் இந்த வேலைக்கு மணியைவிட நல்ல அளவுகோல் தேவையில்லை.

60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். இரவெல்லாம் நடந்த கதை ஐந்தாறு கேசட்டாக இருக்கும், வரிசை குலைந்திருக்கும். உறையில் எழுதியதை நம்பாமல் கதையோட்டத்தை வைத்து அடுக்குங்கள்.

புதிதாகப் பதிவது

கோயில் கொடையில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை என்று இரண்டும் வேண்டும். கொடையில் கிடைப்பது முழு ஓட்டம். ஆனால் குழாய் ஒலிபெருக்கியில் சொல் தெளியாது. வீட்டுப் பதிவில் சொல் தெளியும், வேகம் இருக்காது.

வேவ் வடிவில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். இரட்டைத்தடத்தில் மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் பிடிக்கும். ஏறத்தாழ நாலு மணி நேரத்தில் 4 ஜிபி எல்லை வந்து சில கருவிகள் நின்றுவிடும். குடியழைப்பு, மதியக் கொடை, சாமக்கொடை என்று திருவிழா நீளும்போது இடைவேளைதோறும் நிறுத்திப் புதுக் கோப்பு தொடங்குங்கள். அளவை உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல் வரும்படி வையுங்கள். காப்பு பாடும்போது வைத்த அளவு சாமி வரும் நேரத்துக்குத் தாங்காது. குடமும் உடுக்கும் ஏறி ஒலி பிளந்துவிடும். பிளந்ததை எந்த மென்பொருளும் சரியாக்காது.

மைக் செட்காரரிடம் கேட்டு மிக்சரிலிருந்து ஒரு வயர் எடுக்கலாம். அதை மைக் துளையில் செருகினால் கரகரக்கும். லைன் துளையில்தான் செருக வேண்டும். சீரியல் பல்பு, ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் கருவி மின்சாரத்தில் இருந்தால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் ஏறும், பேட்டரியில் ஓட்டுங்கள். வீட்டில் பதியும்போது மைக்கை ஐந்தாறு அடி தள்ளி, வலத்தில் பாடுபவர் பக்கம் சற்றே சாய்த்து வையுங்கள். குடத்தின் வாய்க்கு நேராக வைத்தால் பத்தர் (குடத்தின் வாயில் அடிக்கும் மட்டை) விழும் ஒவ்வொரு முறையும் காற்று மோதிப் பாட்டை விழுங்கும். மின்விசிறியை நிறுத்த மறந்துவிடுவார்கள், நினைவுபடுத்துங்கள்.

சாமியாடும் நேரத்தில் முன்னால் போய்க் கருவியைத் தொட வேண்டாம். தெய்வத்தின் சாவைப் பாடும் பகுதியை வீட்டில் பாட மறுப்பவர்கள் உண்டு. வற்புறுத்தாமல், "இப்பகுதி கோயிலில் மட்டும் பாடப்படும்" என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.

முரண்பட்டால்

அண்ணன் வீட்டில் ஒரு கொடி, தம்பி வீட்டில் வேறொரு கொடி சொல்வார்கள். எது சரி என்று பஞ்சாயத்துக்கு உட்காராதீர்கள். ஒவ்வொரு கோட்டின்மேலும் ஆதாரத்தின் வகையைச் சிறிய எழுத்தில் போடுங்கள்: "நோ" என்றால் நோட்டீஸ், "கை" என்றால் கையெழுத்து நோட்டு, "கு" என்றால் குரு வணக்கம், "வா" என்றால் வாய்மொழி. வாய்மொழி மட்டும் உள்ள கோட்டில் சொன்னவரின் எண்ணையும் சேருங்கள். இரண்டு வகை ஆதாரம் கிடைத்தபின் பேனாவால், அதுவரை பென்சிலால். மேல் தலைமுறைகள் பென்சிலிலேயே நிற்கும், நிற்கட்டும்.

கோப்புப் பெயரில் ஆண்டு-மாதம்-நாள், ஊர், கதை, பகுதி என்ற வரிசையை மாற்றாமல் வையுங்கள். மூன்று படிகள்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் ஆளிடம். கடற்கரை வீட்டில் டிஸ்கை மூடிய டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை திறந்து ஓட்டிப் பாருங்கள்.

பதிவைப் பிறருக்குக் கொடுக்கலாமா, இணையத்தில் போடலாமா, எந்தப் பகுதி கூடாது என்று கதைவாரியாக எழுதி வாங்க வேண்டும். கையெழுத்து வலத்தில் இருந்தவருடையது மட்டும் போதாது, குடக்காரருடையதும் வேண்டும். குடும்பத்துக்குக் கொடுக்கும் படியை எம்பி3யாக மாற்றி, கைப்பேசியில் ஓடும் மெமரி கார்டில் கொடுங்கள். வேவ் கோப்பு கொடுத்தால் யாரும் திறக்க மாட்டார்கள். கொடிப் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுக் கொடுக்கும்போது ஓரத்தில் ஒரு சாண் வெற்றிடம் விடுங்கள். அடுத்த கொடைக்குப் போகும்போது அந்த ஓரத்தில் வேறு யார் யாரோ பெயர்களை எழுதிச் சேர்த்திருப்பார்கள். அவற்றையும் படமெடுத்து, எழுதியது யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.